மூன்று பெயர் கொண்ட ஆறு: அராஷியாமாவின் வரலாறு

கியோட்டோ நகரின் மேற்கு விளிம்பில், மலைகளை விட்டு ஆறு சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது அராஷியாமா. நகரின் மைய ரயில் நிலையத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவு; ரயிலில் கால் மணி நேரப் பயணம். அராஷியாமா என்றால் ‘புயல் மலை’. ஆற்றின் தென்கரையில் நிற்கும் 382 மீட்டர் உயரமுள்ள மலைக்குத்தான் அந்தப் பெயர் முதலில் உரியது. வடகரையில் விரிந்து கிடக்கும் சமவெளிக்குப் பெயர் சாகா அல்லது சாகானோ. வெளியூர்ப் பயணிகள் இரண்டையும் சேர்த்து அராஷியாமா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். வசந்தத்தில் செர்ரிப் பூவுக்கும் இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள் இலைக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கு ஓடும் ஆற்றுக்கு மூன்று பெயர்கள். கமேயோகா சமவெளியைக் கடந்து மலை இடுக்குக்குள் நுழையும்போது அது ஹோசு. இடுக்கை விட்டு வெளியே வந்து அராஷியாமாவின் அடிவாரத்தில் அகன்று அமைதியாகும் இடத்தில் ஓயி. டோகெட்சுக்யோ பாலத்தைத் தாண்டியதும் கட்சுரா. அந்தப் பெயருடனே தெற்கே ஓடி யோடோ ஆற்றில் கலக்கிறது. அரசு ஆவணங்களில் முழு ஆறும் கட்சுராதான். ஆனால் நடுவில் வரும் ஓயி என்ற பெயரில்தான் இந்த ஊரின் தொடக்கம் ஒளிந்திருக்கிறது. ஓயி என்றால் ‘பெரிய அணை’.

அந்த அணையைக் கட்டியவர்கள் ஹத்தா குலத்தார். கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுக்கு வந்து குடியேறிய மக்கள் அவர்கள். 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் கியோட்டோச் சமவெளியின் மேற்குப் பகுதியில் நிலைகொண்டார்கள். பட்டு நெசவு, மது வடித்தல், நீர்ப்பாசனம் ஆகிய தொழில்களில் தேர்ந்தவர்கள். தாங்கள் சீனத்தின் சின் பேரரசர் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆற்றின் குறுக்கே தாங்கள் எழுப்பிய அணையைப் பற்றி அக்குலத்தின் பழைய வரலாற்றுப் பதிவு பெருமையோடு பேசுகிறது. சின் நாட்டு அரசன் ஒருவன் பேராற்றைத் தடுத்துக் கால்வாய் வெட்டி வயல் பெருக்கியதற்கு இணையாகத் தங்கள் பணியை அது வைக்கிறது. அதுவரை வெள்ளம் வந்தால் அழிவும் வெயில் அடித்தால் வறட்சியுமாக இருந்த நிலம், வாய்க்கால் நீர் பாய்ந்து நெல்வயலானது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் 701-இல் அவர்கள் எழுப்பிய மட்சுவோ கோயில் இன்றும் மது வடிப்போரின் காவல் தெய்வத்துக்குரிய கோயிலாக விளங்குகிறது. அருகிலுள்ள உசுமாசாவின் கோர்யூஜி புத்த மடமும் அக்குலத்தார் நிறுவியதே.

தேங்கிய நீர் வயலுக்குப் பாய்ந்ததோடு நிற்கவில்லை. அணைக்கு மேலே ஆறு ஏரிபோல் விரிந்தது. மலையின் நிழல் அதில் அசையாமல் விழுந்தது. பிற்காலத்துப் பிரபுக்கள் படகில் ஏறிக் கவிதை எழுதிய நீர்ப்பரப்பு இதுதான். இயற்கையின் கொடை என்று அவர்கள் கொண்டாடிய அமைதி, உழவர்கள் பாசனத்துக்காகக் கட்டிய அணை தந்தது. அராஷியாமாவின் வரலாறு நெடுகிலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு காலத்தவர் வேலைக்காகச் செய்ததை அடுத்த காலத்தவர் அழகாகக் கண்டார்கள்.

794-இல் பேரரசர் கன்மு தலைநகரை இந்தச் சமவெளிக்கு மாற்றினார். ஹேயான்-க்யோ என்று பெயர் பெற்ற அந்த நகரம்தான் இன்றைய கியோட்டோ. அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் மலையளவு மரம் தேவைப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள டாம்பா மலைகளில் வெட்டிய மரங்கள் தெப்பமாகக் கட்டப்பட்டு இந்த ஆற்றின் வழியே மிதந்து வந்தன. சாகா, அதற்குக் கீழே உமேசு, அதற்கும் கீழே கட்சுரா ஆகிய மூன்றும் மரம் இறங்கும் துறைகளாயின. அரசவையின் மேற்கு வாசலில் தொழில் நடந்துகொண்டிருந்த அதே ஆற்றங்கரையில்தான் அரசர்களின் ஓய்வு மாளிகைகளும் எழுந்தன.

அவற்றில் முதன்மையானது, 809 முதல் 823 வரை ஆண்ட பேரரசர் சாகா கட்டியது. இந்தச் சமவெளியின் மீது அவருக்கு இருந்த பற்று, ஊரின் பெயரே அவருடைய பெயராக நிலைக்கும் அளவுக்குப் பெரியது. அவர் இறந்த பின் 876-இல் அந்த மாளிகை டைகாகுஜி என்ற புத்த மடமானது. மாளிகையோடு வெட்டிய ஓசாவா குளம் இன்றும் இருக்கிறது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய தோட்டக் குளங்களில் அதுவும் ஒன்று. இலையுதிர் கால முழுநிலவு இரவில் அங்கே படகு விடும் வழக்கம் இன்னும் தொடர்கிறது.

அரியணை துறந்திருந்த பேரரசர் உடா 907-இல் ஓயி ஆற்றுக்கு உலா வந்தபோது, உடன் வந்த கவிஞர்கள் அந்த இடத்தைப் பற்றிப் பாடினார்கள். கி நோ சுராயுகி அந்தப் பாடல் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். இப்படிப்பட்ட உலாக்களைப் பற்றிய கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது புஜிவாரா நோ மிச்சினாகாவின் மூன்று படகுகளின் கதை. அன்றைய ஜப்பானில் அவரைவிட அதிகாரம் படைத்தவர் இல்லை. அவர் ஆற்றில் மூன்று படகுகளை நிறுத்தினார். சீன மொழிக் கவிதையில் வல்லவர்களுக்கு ஒன்று, ஜப்பானியக் கவிதையில் வல்லவர்களுக்கு ஒன்று, இசையில் வல்லவர்களுக்கு ஒன்று. புஜிவாரா நோ கின்டோ மூன்றிலும் தேர்ந்தவர். எந்தப் படகில் ஏறுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் ஜப்பானியக் கவிதைப் படகில் ஏறினார். பாடிய பாட்டுக்குப் பாராட்டுக் கிடைத்தபோது, சீனக் கவிதைப் படகில் ஏறியிருந்தால் இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்குமே என்று வருந்தினாராம். இந்தக் கதையின் நினைவாக 1928 முதல் ஒவ்வொரு மே மாதமும் குருமாசாக்கிக் கோயிலார் இதே நீர்ப்பரப்பில் பழைய உடையணிந்து படகு விழா நடத்துகிறார்கள்.

நகரின் விளிம்பு என்பதற்கு அக்காலத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. ஊரோடு ஒட்டாமல் தனித்து இருக்கவேண்டியவை எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. இசே பெருங்கோயிலில் தெய்வப் பணி செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிளங்குமரிகள், அங்கே புறப்படும் முன் உடலும் மனமும் தூய்மை பெறத் தங்கியிருந்த இடம் சாகானோவில் இருந்தது. மூங்கில்களுக்கு நடுவே, பட்டை உரிக்காத கருமரத்தில் வாயில் நிறுத்திய நோனோமியா சிறுகோயில் அதன் நினைவு. ‘கெஞ்சியின் கதை’யில் உருக்கமான ஒரு பிரிவுக் காட்சி இங்கேதான் நடக்கிறது. சற்று வடக்கே அடாஷினோவில், பெயரற்ற எளிய மக்களின் உடல்கள் கொண்டுவந்து விடப்பட்டன. உறவினர் வைத்துப் போன சிறு கல்சிலைகள் நூற்றாண்டுகளாக மண்ணிலும் புதரிலும் சிதறிக் கிடந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் மக்கள் அவற்றைத் திரட்டி அடாஷினோ நென்புட்சுஜி மடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சுமார் 8,000 சிலைகள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒவ்வொன்றின் முன்னும் விளக்கேற்றப்படுகிறது. யார் என்று தெரியாதவர்களுக்காக ஏற்றப்படும் அந்த விளக்குகள், அரசர்களின் நிலவுக் குளத்தைவிட இந்த மண்ணுக்கு நெருக்கமானவை.

சாகாவின் செய்ர்யோஜி மடத்தில் உள்ள புத்தர் சிலை தமிழ் வாசகருக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. புத்தர் தேவலோகம் சென்றிருந்தபோது அவரைப் பிரிந்திருக்க மனமில்லாத கோசாம்பி மன்னன் உதயணன் சந்தன மரத்தில் அவருடைய உருவத்தைச் செதுக்கச் சொன்னான் என்பது பௌத்த மரபு. தமிழில் பெருங்கதையின் நாயகனாக வரும் அதே உதயணன்தான். அந்த உருவின் வழி வந்ததாகக் கருதப்பட்ட சிலையைச் சீனத்தில் கண்ட ஜப்பானியத் துறவி சோனென், 985-இல் அதைப் போலவே ஒன்று செய்வித்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். 1954-இல் அந்தச் சிலையின் உட்கூட்டைத் திறந்து ஆராய்ந்தபோது, பட்டுத் துணியால் தைத்த இதயமும் நுரையீரலும் குடலும் உள்ளே இருந்தன. புத்தரை உயிருள்ளவராகவே நினைத்து யாரோ ஊசியெடுத்துத் தைத்த அந்த உறுப்புகள், ஆயிரம் ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தன.

13-ஆம் நூற்றாண்டில் அரசர்கள் மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பேரரசர் கோ-சாகா வடகரையில் கமேயாமா அரண்மனையைக் கட்டினார். எதிரே நின்ற அராஷியாமாவில் நட, செர்ரி மரத்துக்குப் பெயர்போன யோஷினோ மலையிலிருந்து கன்றுகள் கொண்டுவரப்பட்டன. அராஷியாமாவின் செர்ரிப் பூ என்று இன்று உலகம் அறிவது இப்படி நட்டு வளர்த்த காடுதான். கோ-சாகாவின் மகன் கமேயாமா, ஆற்றின் மேலே நகரும் நிலவு பாலத்தின் மீது நடந்து கடப்பதுபோல் இருக்கிறது என்றாராம். அதிலிருந்து பாலத்துக்கு டோகெட்சுக்யோ, ‘நிலா கடக்கும் பாலம்’ என்ற பெயர் வந்தது. அதற்கு முன் அது தென்கரையில் இருக்கும் ஹோரின்ஜி மடத்துக்குப் போகும் பாலம், அவ்வளவே. அதே நூற்றாண்டில், 1235 வாக்கில், புஜிவாரா நோ டெய்க்கா தம் மகனின் மாமனாருடைய சாகா மாளிகைக் கதவுகளுக்காக நூறு கவிஞர்களிடமிருந்து ஆளுக்கொரு பாடல் தேர்ந்து கொடுத்தார். ஜப்பானியப் பிள்ளைகள் இன்றும் புத்தாண்டுச் சீட்டு விளையாட்டில் மனப்பாடமாகச் சொல்லும் நூறு பாடல் தொகுப்புக்கு அதுவே மூலம் என்று கருதப்படுகிறது.

அரண்மனையின் இடத்தில் பின்னர் எழுந்தது டென்ரியூஜி. அது எழுந்த கதையில் குற்ற உணர்வு கலந்திருக்கிறது. பேரரசர் கோ-டைகோவுக்குத் துணை நின்று பிறகு அவருக்கு எதிராகத் திரும்பியவர் படைத்தலைவர் ஆஷிகாகா டகாவுஜி. கோ-டைகோ யோஷினோ மலைக்குத் தப்பிச் சென்று 1339-இல் அங்கேயே இறந்தார். ஆற்றாமையோடு இறந்த மன்னரின் ஆவி நாட்டைப் பழிவாங்கும் என்ற அச்சம் அன்று எல்லோருக்கும் இருந்தது. ஜென் துறவி முசோ சோசெகியின் அறிவுரைப்படி, மன்னரின் தாத்தா கமேயாமா வாழ்ந்த அரண்மனை நிலத்தில் கோ-டைகோவுக்காக ஒரு மடம் எழுப்ப டகாவுஜி முடிவு செய்தார். முதலில் அதற்கு ஆட்சியாண்டின் பெயரை வைத்தார்கள். அந்த உரிமை தங்கள் மடத்துக்கே உண்டு என்று கருதிய ஹியே மலைத் துறவிகள் எதிர்த்தார்கள். அப்போது டகாவுஜியின் தம்பி டடாயோஷி, தெற்கே ஆற்றிலிருந்து பொன்னிற நாகம் ஒன்று எழுவதைக் கனவில் கண்டதாகச் சொன்னார். மடத்துக்கு ‘விண்ணின் நாகம்’ என்ற பொருளில் டென்ரியூஜி என்று பெயர் மாறியது.

போர்க்காலக் கருவூலத்தில் பணம் இல்லை. முசோவும் டடாயோஷியும் சீனத்துக்கு வணிகக் கப்பல் அனுப்பத் தீர்மானித்தார்கள். ஷிஹோன் என்ற வணிகர் பொறுப்பேற்றார். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மடத்துக்கு 5,000 கான், அதாவது 50 லட்சம் செப்புக் காசு தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். 1342-இல் புறப்பட்ட கப்பல் பெரும் லாபத்தோடு திரும்பியது. 1345-இல் மடத்தின் பெருவிழா நடந்தது. முசோ அமைத்த தோட்டம்தான் டென்ரியூஜியின் உயிர். நடுவில் குளம், அப்பால் பாறைகளை அடுக்கி எழுப்பிய உலர் அருவி, அதன் நடுவே அருவி ஏறும் கெண்டை மீனைக் குறிக்கும் ஒரு கல். மீன் அருவியைத் தாண்டினால் நாகமாகும் என்பது சீன மரபு. தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள அராஷியாமாவும் கமேயாமா குன்றும் குளத்தின் பின்னணியாகக் கண்ணுக்குள் வந்து சேரும்படி அது அமைந்திருக்கிறது. மடத்தின் பத்துக் காட்சிகள் என்று முசோ பட்டியலிட்டவற்றில் பாலமும் ஆறும் மலையும் செர்ரிக் காடும் அடக்கம். அன்று அந்த மலையே மடத்துச் சொத்து. கட்டடங்கள் எட்டு முறை எரிந்து மறுபடி மறுபடி எழுந்தன. குளமும் கற்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. 1994-இல் பழைய கியோட்டோவின் நினைவுச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது டென்ரியூஜியும் அதில் இடம்பெற்றது.

அரசர்கள், துறவிகள் வரிசைக்குப் பிறகு இந்த ஆற்றை மாற்றியவர் ஒரு வணிகர். சுமினோகுரா ரியோயி 1554-இல் சாகாவில் பிறந்தார். மருத்துவமும் வட்டித் தொழிலும் செய்த குடும்பம். அவருடைய தந்தை மருத்துவராக டென்ரியூஜித் துறவி ஒருவருடன் மிங் சீனத்துக்குப் போய்வந்தவர். ரியோயி அரசின் செம்முத்திரை உரிமம் பெற்று, இன்றைய வியட்நாமான அன்னத்துக்குக் கப்பல் விட்டுச் செல்வம் சேர்த்தார். மேற்கே மிமாசாகாப் பகுதியில் ஆழமில்லாத ஆற்றில் தட்டையான அடிப்பாகமுள்ள படகுகள் சரக்கோடு போவதைக் கண்டபோது அவருக்கு ஊர் ஆற்றின் நினைவு வந்தது. கமேயோகாவிலிருந்து சாகா வரையான மலை இடுக்கில் தெப்பங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. பாறைகளுக்கு நடுவே படகு போக வழியில்லை. டாம்பாவின் நெல்லும் விறகும் கரியும் மலைப்பாதையில் ஆள் முதுகிலும் குதிரை முதுகிலும் கணவாய் ஏறி இறங்கின.

அரசின் அனுமதியோடு 1606 வசந்தத்தில் வேலை தொடங்கியது. நீருக்கு மேலே தெரிந்த பாறைகள் நெருப்பால் சுட்டுப் பிளக்கப்பட்டன, வெடிமருந்தால் தகர்க்கப்பட்டன. நீருக்குள் இருந்தவற்றுக்கு மேலே சாரம் கட்டி, கூர்முனை கொண்ட கனத்த இரும்புத் தடியைப் பல பேர் கயிற்றில் மேலே இழுத்து ஒரே நேரத்தில் விட்டார்கள். அது பாறையில் விழுந்து விழுந்து உடைத்தது. ஆறு அகன்று ஆழம் குறைந்த இடங்களில் இருபுறமும் கல் அடுக்கி நீரைக் குறுக்கினார்கள். சில மாதங்களில் படகுகள் ஓடத் தொடங்கின. செலவு முழுவதும் ரியோயியுடையது. ஈடாக, போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. டோகெட்சுக்யோ பாலமும் அக்காலத்தில்தான் இன்றைய இடத்துக்கு வந்தது. பிறகு ரியோயி புஜி ஆற்றையும் படகுகளுக்குத் திறந்தார். கியோட்டோவின் நடுவே டகாசே கால்வாயை வெட்டினார். அந்தக் கால்வாயில் 1920 வரை சரக்குப் படகு ஓடியது.

1614-இல் ரியோயி இறந்தார். ஆற்று வேலையில் உயிர்விட்டவர்களுக்காக அராஷியாமாவின் சரிவில் அவர் அமைத்த டைஹிகாகு செங்கோஜி என்ற சிறிய மடத்தில் அவருடைய மரச்சிலை இருக்கிறது. சுருட்டி வைத்த கயிற்றின் மேல் ஒரு காலைக் குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கிறார்; கையில் கல் உடைக்கும் கோடரி. கண்கள் விழித்து வெறிக்கின்றன. செல்வர்கள் பட்டுடையில் விசிறியோடு சிலையாவதே வழக்கமான காலத்தில், வேலைக் கயிற்றையே இருக்கையாக்கிக்கொண்ட வணிகர் அவர். அராஷியாமாவுக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே அந்த மலைப்பாதையில் ஏறுகிறார்கள். ஊரின் வரலாற்றை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ரியோயியின் மகன் சோவான் வேறு வகையில் பெயர் பெற்றார்: கலைஞர் ஹோனாமி கோவெட்சுவோடு சேர்ந்து அவர் சாகாவில் அச்சிட்ட அழகிய நூல்கள் ‘சாகா பதிப்பு’ என்று போற்றப்படுகின்றன. 1608-இல் வந்த, படங்களோடு கூடிய ‘இசே கதைகள்’ என்ற நூல் அவற்றுள் புகழ்பெற்றது.

படகு இறங்குவது இரண்டு மணி நேர வேலை. ஏறுவதுதான் கடினம். சரக்கு இறக்கிய வெறும் படகை ஒருவர் கழியால் கரையில் மோதாமல் விலக்கிக்கொண்டே வர, மற்றவர்கள் தோளில் வடத்தை மாட்டிக்கொண்டு பாறை ஓரமாக நடந்து இழுத்தார்கள். 16 கி.மீ. தூரமும் நீரோட்டத்துக்கு எதிராக. சுமார் மூன்றரை நூற்றாண்டு இப்படி இழுத்ததில் கயிறு உரசிய பள்ளங்கள் இடுக்கின் பாறைகளில் ஆழமாக விழுந்திருக்கின்றன. படகோட்டிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் கழி ஊன்றியதால் ஏற்பட்ட குழிகளையும் காணலாம். கழி ஊன்றும் இடம் தவறினால் படகு பாறையில் மோதும். எனவே குழிக்குள்ளேயே ஊன்றப் பழக்கினார்கள்.

தெப்பக்காரர்களின் வாழ்வும் இதே ஆற்றில்தான். பன்னிரண்டு கட்டு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்தால் தெப்பத்தின் நீளம் சுமார் 50 மீட்டர் வரும். பாம்புபோல் வளைந்து பாறைகளுக்கு நடுவே அது இறங்கும். வயலுக்கு நீர் வேண்டிய கோடையில் அணை மூடியிருக்கும் என்பதால், இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரையே தெப்பம் விட முடிந்தது. உழவரின் நீரும் மரவணிகரின் நீரும் ஒரே நீர்; ஆண்டைப் பங்கிட்டுக்கொண்டுதான் இருவரும் பிழைத்தார்கள்.

எடோ காலத்தில் அமைதி நிலவியதும் எளிய மக்களும் அராஷியாமாவுக்கு உலா வரத் தொடங்கினார்கள். கவிஞர் பாஷோ 1691-இல் தம் மாணவர் முக்காய் கியோராயின் சாகா குடிலில் சில வாரங்கள் தங்கி நாட்குறிப்பு எழுதினார். அந்தக் குடிலுக்கு ‘பெர்சிமன் உதிர்ந்த குடில்’ என்று பெயர். தோட்டத்தில் சுமார் நாற்பது பெர்சிமன் மரங்கள் நின்றனவாம். பழங்களை ஒரு வியாபாரிக்கு விலைபேசி முன்பணமும் வாங்கிவிட்ட கியோராய், அன்று இரவே அடித்த காற்றில் பழம் முழுதும் உதிர்ந்துபோனதைக் கண்டார். புயல் மலையின் அடிவாரத்தில் நடக்கக்கூடியதுதான்.

பாலத்தோடு சேர்ந்த இன்னொரு வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஏப்ரல் 13-ஆம் நாளை ஒட்டி ஹோரின்ஜி மடத்தின் ஆகாசகர்ப்ப போதிசத்துவரிடம் அறிவு வேண்டி வருகிறார்கள். வணங்கிவிட்டு இறங்கி வரும்போது பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெற்ற அறிவு திரும்பிப் போய்விடும். புதுக் கிமோனோ அணிந்த பிள்ளைகள் கழுத்தை அசைக்காமல் 155 மீட்டர் பாலத்தைக் கடப்பதைப் பெற்றோர் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டு வருவார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி இந்த ஊரைக் கடுமையாக உலுக்கியது. 1864-இல் அரண்மனை வாயிலில் மோதிய சோஷூ படையினர் டென்ரியூஜியில் பாசறை அமைத்திருந்ததால் மடம் போரில் எரிந்தது. மெய்ஜி அரசு மடங்களின் நிலங்களைப் பறித்துக்கொண்டபோது, டென்ரியூஜியின் நிலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அராஷியாமா மலை அரசுக் காடானது. காட்டைக் காக்கிறோம் என்று அரசு வெட்டுவதை நிறுத்தியது. விளைவு எதிர்பாராதது. வெயில் விரும்பும் செர்ரியும் பைனும் மற்ற மரங்களின் நிழலில் மங்கத் தொடங்கின. விறகுக்கும் தழைக்கும் ஊரார் வெட்டிக்கொண்டிருந்ததே அந்தக் காட்டைப் பூக்க வைத்திருந்தது. 1927-இல் மலை தேசியச் சிறப்புக் காட்சித் தலமாக அறிவிக்கப்பட்டது. 1930-களில் வனத்துறை, அழகைக் காக்கத் திட்டமிட்டு வெட்டவும் நடவும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு செயலில் இறங்கியது.

ரயில் வந்ததும் ஆற்றின் தொழில் சரிந்தது. 1897-இல் நகரிலிருந்து சாகா வரையும், 1899-இல் இடுக்கின் வழியே சோனோபே வரையும் கியோட்டோ ரயில்வே பாதை போட்டது. அதை முன்னின்று தொடங்கிய டனாகா கெண்டாரோ, 1922-இல் அதே இடுக்கில் ரயில் ஹோசு ஆற்றில் விழுந்த விபத்தில் உயிரிழந்தார். நெல்லும் விறகும் ரயிலேற, படகோட்டிகள் தங்கள் திறமையைப் பயணிகளுக்குத் திருப்பினார்கள். ரயில் வருவதற்குச் சற்று முன்பே, 1895 வாக்கில், உல்லாசப் படகுகள் முறையாக ஓடத் தொடங்கியிருந்தன. நட்சுமே சோசெகியின் 1907-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் அந்தப் படகுப் பயணம் வருகிறது. 1910-இல் நகரிலிருந்து மின்சார டிராம் வந்தது, இன்றும் ஓடுகிறது. 1919 வசந்தத்தில் ஜப்பானில் இருந்த இளைஞர் சூ என்லாய் மழையில் அராஷியாமாவைக் கண்டு கவிதை எழுதினார். பின்னாளில் சீனப் பிரதமரான அவருடைய அந்தக் கவிதை பொறித்த கல் 1978-இல் ஆற்றங்கரைப் பூங்காவில் நிறுவப்பட்டது. படகை மனிதர் இழுத்துப் போகும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாரி வந்ததும் நின்றது. தெப்பங்களும் அதே காலத்தில் மறைந்தன. இரட்டைப் பாதைக்காக 1989-இல் ரயில் சுரங்க வழிக்கு மாறியபோது, ஆற்றோரப் பழைய தண்டவாளம் கைவிடப்பட்டுத் துருப்பிடித்தது. அதன் 7.3 கி.மீ. நீளத்தைச் சீராக்கி 1991-இல் சாகானோ உல்லாச ரயில் தொடங்கப்பட்டது. அதன் சிறு பணியாளர் குழு தாங்களே ஓரங்களில் செர்ரியும் மேப்பிளும் நட்டது.

இன்று பயணிகள் முதலில் தேடுவது நோனோமியாவுக்கும் ஓக்கோச்சி மாளிகைக்கும் இடைப்பட்ட மூங்கில் பாதையை. அந்த மாளிகை, சாமுராய்ப் படங்களில் புகழ்பெற்ற நடிகர் ஓக்கோச்சி டென்ஜிரோ தம் வருமானத்தைக் கொட்டி முப்பது ஆண்டுகள் அமைத்த தோட்டவீடு. காற்றில் மூங்கில்கள் உரசும் ஒலி, 1996-இல் சுற்றுச்சூழல் துறை தேர்ந்த ஜப்பானின் நூறு ஒலிக்காட்சிகளில் ‘கியோட்டோவின் மூங்கில் காடு’ என்று இடம்பெற்றது. மூங்கில் தோப்பு தானாக இப்படி நிற்காது. வயதான கழிகளை ஆண்டுதோறும் வெட்டினால்தான் இளங்கழிக்கு வெளிச்சம் கிடைக்கும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் நுழைய முடியாத புதராகும். பார்க்க வந்தவர்களில் சிலர் கத்தியால் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போவதும் நடக்கிறது. மூங்கிலில் விழுந்த கீறல் அந்தக் கழி சாயும்வரை ஆறாது.

ஆறு இன்னும் அடங்கியதாகச் சொல்ல முடியாது. 2013 செப்டம்பர் 16 அன்று புயல் மழையில் வெள்ளம் டோகெட்சுக்யோவின் மேல் புரண்டது. கரையோர விடுதிகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் நீர் புகுந்தது. 2018 செப்டம்பரில் வந்த சூறாவளி பாலத்தின் மரக் கைப்பிடிச் சுவரைச் சாய்த்தது. 1934-இல் கட்டிய இன்றைய பாலத்தின் உடல் கான்கிரீட்டும் எஃகும். கைப்பிடி மட்டும் பழைய தோற்றத்துக்காக மரத்தில் செய்யப்பட்டது. வெள்ளத்துக்குப் பின் உயரமான கரைச்சுவர் எழுப்பினால் ஆறு கண்ணுக்கு மறையும் என்ற கவலை எழுந்தது. அதனால் வடகரையில், சாதாரண நாளில் படுத்திருந்து வெள்ளம் வரும்போது நிமிர்த்தக்கூடிய தடுப்புச் சுவர் அமைக்கப்பட்டது.

பாலத்துக்குச் சற்று மேலே ஹத்தா குலத்தாரின் அணை இருந்ததாகக் கருதப்படும் பகுதியில் இன்றும் ஓர் அணை நிற்கிறது. மேற்குக் கியோட்டோவின் எஞ்சிய வயல்களுக்கு அதிலிருந்து வாய்க்கால் நீர் போகிறது. நெடுங்காலம் டோகெட்சுக்யோவில் விளக்கு இல்லை. 2005 டிசம்பரில் ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்தார் அந்த அணையின் நீர்வீழ்ச்சியில் 5.5 கிலோவாட் திறனுள்ள சிறிய நீர்மின் பொறியை நிறுவினார்கள். பாலத்தில் எரியும் 60 விளக்குகளுக்கும் மின்சாரம் அந்த அணையில் விழும் நீரிலிருந்துதான் வருகிறது.